சிவப்பு நட்சத்திரமிட்ட கேள்வி

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பெண்கள் கல்லூரியின் பழைய மாணவிகளுக்கு லண்டனில் ஒரு சங்கம் இருக்கிறது. அதில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை வயதானாலும் எல்லோரும் அக்காதான். எழுபது வயதுக்காரியை ‘அன்ரி’ என்றால் முகம் சுருங்கும். அன்ரி வெளியாள், அக்கா பள்ளிக்கூடத்து ஆள். மேற்படிப்புக்காக இங்கே வந்து இறங்கிய முதல் மாதமே எனக்கு நாற்பது அக்காமார் கிடைத்துவிட்டார்கள். வாடகை அறை பார்த்துத் தந்தது, குளிர் கோட்டு வாங்கித் தந்தது, முதல் நேர்முகத்துக்குப் போகும்போது என் தலைமுடியைப் பார்த்து “இப்பிடியே போகப்போறாய்?” என்று தடுத்து நிறுத்தியது எல்லாம் அவர்கள்தான்.

பதிலுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தேன். தரவுகளோடு வேலை செய்கிறவள் நான். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலோ கையால் எழுதிய மூன்று கொப்பிகளிலும் ஒரு அக்காவின் ஞாபகத்திலும் இருந்தது. ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு படிவமாக்கிவிட்டேன். பெயர், முகவரி, எந்த பட்ச். பட்ச் என்றால் பதினாறு வயதளவில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டேன். அதை நிரப்பாமல் படிவத்தை அனுப்ப முடியாது.

படிவம் போன இரண்டாம் நாள், ரெய்னர்ஸ் லேன் பகுதியில் இருப்பதால் ரெய்னர்ஸ் லேன் அக்கா என்று நாங்கள் சொல்கிறவர் அழைத்தார். ஐம்பதைத் தாண்டியவர், என்னை ‘நீ’ என்றும் ‘எடி’ என்றும் உரிமையோடு அழைக்கிறவர். கல்லூரி விடுதியில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலைகளில் சூமில் ஆங்கிலக் கதை வாசித்துக் காட்டுகிறவரும் அவர்தான். இங்கே காலை ஒன்பது மணி, அங்கே பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடித்திருக்கும் நேரம். “எந்த வகுப்பு வேணும்?” என்று சங்கத்தில் கேட்டபோது யோசிக்காமல் “எட்டு” என்றாராம். சின்ன வகுப்பு, சுலபம் என்று எடுத்திருப்பார் என நினைத்திருந்தேன்.

“எடி, உன்ரை படிவம் என்னை விடுதில்லை. இந்தச் சிவப்பு நட்சத்திரத்திலை நிண்டு கத்துது.”

“வருசத்தைப் போட்டால் விடும் அக்கா.”

“வருசம் போடாமல் விடாதோ?”

“ஏன் அக்கா, வயசு தெரிஞ்சிடும் எண்டு பயமோ?” என்று சிரித்தேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “சரி, பாப்பம்” என்றார். பேருந்தில் இடம் பிடிக்கும் அவசரத்தில் இருந்த நான் அந்த மௌனத்தைக் கவனிக்கவில்லை. இப்போது அதை மட்டும்தான் கேட்கிறேன்.

செயற்குழுக் கூட்டத்தில் தலைவி அக்கா, “நிரப்பாத ஆக்களை என்ன செய்யிறது?” என்று கேட்டார். யாரும் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: “பட்ச் போடாத ஆக்களை விருந்தினர் பட்டியலுக்கு மாத்திவிடுவம் அக்கா. ஒண்டுகூடலுக்கு நாடா குத்திறதுக்கும் சுகம்.” தலைவி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் அடுத்த விடயத்துக்குப் போயிருந்தேன்.

ஒன்றுகூடல் ஹரோவில், ஒரு மண்டபத்தில், மதிய விருந்தோடு நடந்தது. பழைய மாணவிகளுக்குப் பச்சை நாடா. கணவன்மார், பிள்ளைகள், அயலவர்களுக்கு வெள்ளை நாடா. வாசலில் பெட்டியோடு நின்றது நான். ரெய்னர்ஸ் லேன் அக்கா இரண்டு பெரிய தட்டுகளில் ரோல்ஸ் சுமந்துகொண்டு வந்தார். அவர் பெயர் எந்தப் பட்டியலில் இருந்ததோ அந்த நிற நாடாவை எடுத்து, நானே அவருடைய சேலைத் தலைப்பில் குத்திவிட்டேன். முகத்தைக் கூடப் பார்க்கவில்லை, பின்னால் வரிசை நின்றது. அவர் குனிந்து அந்த வெள்ளை நாடாவைப் பார்த்தார். “நன்றி” என்று மட்டும் சொன்னார். அக்காமார் எனக்கு நன்றி சொல்வதில்லை, தலையில்தான் தட்டுவார்கள்.

கடைசியில் கல்லூரிக் கீதம். பழைய மாணவிகள் எழுந்து மேடைக்கு முன்னால் போய், மூத்த பட்ச்சில் தொடங்கி வரிசையாக நின்று பாடுவோம். விருந்தினர்கள் இருந்தபடி கேட்பார்கள். முதல் அடி பாடும்போதுதான் கண்டேன். யாரோ ஒருவருடைய கணவனுக்கும் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்கும் நடுவில், மடியில் கையை வைத்துக்கொண்டு ரெய்னர்ஸ் லேன் அக்கா இருந்தார். வாய் அசையவில்லை. நான் பாட்டை நிறுத்தவில்லை. இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து எழுப்பவும் இல்லை. வரிசை குழம்பிவிடும் என்று நினைத்தேன். இதைத்தான் என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை.

தட்டுகளைக் கழுவும்போது, அவர் ஏன் பட்ச் போடவில்லை என்று தலைவி அக்காவிடம் கேட்டேன்.

“அவ எட்டாம் வகுப்போடை போனவ, பிள்ளை. ரெண்டாந் தவணையிலை இடம்பெயர்ந்த சனத்தோடை. சாதாரண தரச் சோதினை எடுக்கேல்லை. எங்களுக்குத் தெரியும். அதாலைதான் இருபது வருசமா ஒருத்தரும் அவவிட்டை பட்ச் கேக்கிறேல்லை.”

“கூட்டத்திலை சொல்லியிருக்கலாமே அக்கா!”

“எங்கை சொல்ல விட்டனி? உன்ரை வேகத்துக்கு ஆர் பிறேக் போடுறது? ஆனால் பிழை என்னிலையும்தான்.”

அடுத்த சனிக்கிழமை ரெய்னர்ஸ் லேன் அக்கா வகுப்புக்கு வரவில்லை. முதல் நாளே எனக்கு ஒரு செய்தி வந்தது: ‘பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து ஆட்கள் படிப்பிப்பதுதான் முறை. வேறு யாரையும் ஒழுங்கு செய்யுங்கள்.’ நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. ‘நீ’ வீட்டுக்குள், ‘நீர்’ விறாந்தையில், ‘நீங்கள்’ படலைக்கு வெளியே, தெருவில். அவர் என்னைப் படலைக்கு வெளியே விட்டுச் சாத்தியிருந்தார்.

வகுப்பை நானே எடுத்தேன். திரையில் ஒன்பது பிள்ளைகள், ஒரே கணினிக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு. நாயைத் தேடிப்போன ஒரு பெண்பிள்ளையின் கதை பாதியில் நின்றிருந்தது. மிச்சத்தை நாற்பது நிமிடத்தில் வாசித்து முடித்தேன்.

“அக்கா, நீங்கள் சரியான கெதியா வாசிக்கிறியள்” என்றாள் முன்னால் இருந்தவள். “ரீச்சர் எப்ப வருவா?”

அந்த ஞாயிறு நான் இருக்கும் மனோர் பார்க்கிலிருந்து இரண்டு ரயில் மாறி ரெய்னர்ஸ் லேன் போனேன். கைப்பையில் ஒரு பச்சை நாடா இருந்தது.

கதவைத் திறந்தவர், “வாங்கோ. இருங்கோ” என்றார். முன்பெல்லாம் “செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாடி” என்பவர். தேத்தண்ணீர் வந்தது, தட்டு வைத்த கோப்பையில், விருந்தாளிக்கு வருவது போல.

“நான் செய்தது பிழை அக்கா. நீங்கள் எனக்கு போனிலை சொன்னனீங்கள். நான் கேக்கேல்லை.”

“நான் ஏதாவது ஒரு வருசத்தைப் போட்டிருக்கலாம்” என்றார் கோப்பையைப் பார்த்தபடி. “நாலு இலக்கம் அடிக்கிறது பெரிய வேலையில்லை. பிறகு அந்த வருசத்துக்காரி ஒருத்தி வந்து, நீ எந்த வாங்கிலை, ஆருக்குப் பக்கத்திலை இருந்தனி எண்டு கேட்டால்? அக்கா எண்டு கூப்பிட்டிச்சினம். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம் எண்டு இருந்தன்.”

நாடாவை எடுக்கக் கைப்பைக்குள் போன கை வெறுமையாகவே திரும்பியது. என்னுடையதை அவருக்குக் கொடுப்பது போல அதைக் கொடுக்க நான் யார்?

“பிள்ளையள் கதையிலை எங்கை நிக்குதுகள்?” என்று கேட்டார்.

“நான் முடிச்சிட்டன் அக்கா.”

“முழுக்கவோ?” முதன்முறையாக என்னை நேரே பார்த்தார். “நான் அதை நாலு கிழமைக்கு வைச்சிருந்தனான்! அந்தப் பிள்ளை ஆத்தைக் கடக்கிற இடத்தை ஒரு கிழமை முழுக்க யோசிக்க விடவேணும். அதுதான் பாடமே.”

நான் தலையைக் குனிந்தேன். அதையும் ஓடிக் கடந்திருக்கிறேன்.

அவர் எழுந்து புத்தக அலுமாரியைக் கிளறத் தொடங்கினார். எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும். கைபேசியில் படிவத்தைத் திறந்து, நட்சத்திரத்தை அழித்து, பட்ச் கேள்வியை எடுத்துவிட்டு, ‘எந்த வகுப்பு வரை எங்களோடு படித்தீர்கள்?’ என்று எழுதிக் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டு வாசித்தார். “எங்களோடை எண்டால் ஆரோடை?”

அந்தச் சொல்லையும் அழித்தேன். ‘கடைசியாக இருந்த வகுப்பு?’ என்றானது.

கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, “எட்டு. ரெண்டாந் தவணை. ஜன்னல் பக்கத்து வாங்கு எண்டும் போடும்” என்றார்.

போடும். ‘போடுங்கோ’வும் இல்லை, ‘போடடி’யும் இல்லை; ‘நீர்’ என்று அழைக்கிற ஆளிடம் சொல்கிற சொல். விறாந்தை வரைக்கும் வந்துவிட்டேன் போலிருந்தது. மகிழ வெட்கமாக இருந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் அவர் புதுக்கதை ஒன்று வாசிக்கிறார், வாரத்துக்கு மூன்று பக்கம். நானும் மைக்கை அணைத்துவிட்டு ஒரு மூலையில் இருந்து கேட்கிறேன். அடுத்த ஒன்றுகூடலுக்கு நாடாவே வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். அவர் வருவாரா என்று கேட்டதற்கு, “பாப்பம்” என்றார். இந்தமுறை அந்தச் சொல்லுக்குப் பிறகு வந்த மௌனம் முழுவதையும் காத்திருந்து கேட்டேன்.