லாசரஸின் புறங்கையில் ஒரு தாள்

கத்தியை எடுப்பதற்கு முன் லாசரஸ் ஒரு காரியம் செய்வார். எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துவார். அது முழுதாகச் சுற்றி ஓயும்வரை சுவிட்ச் அருகிலேயே நிற்பார். பிறகு வந்து உட்கார்ந்து, வலது கையை மேசைக்கு மேல் நீட்டி, விரல்களை லேசாக விரித்து, வெட்டி ஒதுக்கிய காகிதத் துண்டு ஒன்றைப் புறங்கையின் மேல் வைப்பார். அந்தத் தாளின் ஓரத்தையே பார்ப்பார். ஓரம் அசையாவிட்டால் கத்தியை எடுப்பார். அசைந்தால், குடிக்கத் தண்ணீர் கேட்பார்.

"காத்து இருக்கான்னு பாக்குறேன் தம்பி. காத்து பட்டா கம் சீக்கிரம் காஞ்சிரும்" என்று முதல் நாள் சொன்னார். நம்பினேன். ஜன்னல்கள் எல்லாமே சாத்தியிருந்தன என்பது சில நாள் கழித்துத்தான் உறைத்தது.

லாசரஸ் புறநகர் ரயிலில் மோட்டார்மேன். செம்பாக்கத்தில் ஒரே மாடியில் எங்கள் கதவும் அவர் கதவும் எதிரெதிரே. மனைவி ஞானசௌந்தரி குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் ஹெப்சி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஜோலார்பேட்டையில் சரக்கு வண்டியில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு சரக்கு வண்டியே ஓட்டி, நாற்பது வயதுக்கு மேல்தான் மின்சார ரயிலுக்கு வந்தார். சிகரெட், குடி எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் காணிக்கைப் பை எடுப்பவர் அவர்தான். அந்த வருடம் மட்டும் முழங்கால் வலி என்று சொல்லி அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். முழங்கால் வலிக்கிறவர் மூன்று மாடியும் படியில்தான் ஏறிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் கலர் பிரிண்டர் இருந்தது. அதனால்தான் வந்ததாக அவர் சொன்னார். நான் அதிகம் பேசாதவன் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"இதை பிரிண்ட் போட முடியுமா தம்பி? கெட்டி பேப்பர் நானே வாங்கியாந்துட்டேன்" என்று கைபேசியை நீட்டினார்.

நாட் என்ற பழைய போர் விமானத்தின் காகித மாதிரி அது. ஆங்கிலத்தில் கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சியின் பெயர். பாகிஸ்தான் சண்டைகளில் நம் விமானப்படை ஓட்டியது. தாள் தாளாக வந்து விழுந்தது: இறக்கைகள், வால், உடலுக்குள் வைக்க வேண்டிய வட்ட வட்டமான குறுக்குத் தட்டைகள், அரிசி அளவில் சக்கரக் கதவுகள். ஒவ்வொன்றையும் வெட்டி, மடிப்புக் கோட்டில் கீறி, ஓரத்து நாக்குகளில் கம் தடவி ஒட்ட வேண்டும்.

"ஏன் இந்த விமானம்?" என்று கேட்டேன்.

"இருக்கிறதுலயே சின்னது இதான்."

"சின்னதுன்னா ஈஸியா அங்கிள்?"

"சின்னதுதான் தம்பி கஷ்டம். பெருசுல கை தப்பினாலும் தெரியாது."

அவர் வீட்டில் செய்யாமல் எங்கள் வீட்டு மேசையில் செய்ய வந்ததற்கு, டீச்சருக்கு மேசை முழுக்கப் பரீட்சைத் தாள் என்றார். டியூட்டி இல்லாத மாலைகளில் வருவார். அம்மா காபி கொடுத்துவிட்டுச் சீரியலுக்குப் போய்விடுவாள். தலைக்கு மேல் தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் வட்டமடித்து இறங்கும். அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

ஒட்டிய இறக்கையை அழுத்தி வைக்க ஏதாவது கனமாகக் கேட்டார். பக்கத்தில் இருந்த கவிதைத் தொகுப்புகளை எடுத்துக் கொடுத்தேன். நாலைந்தை அடுக்கியும் இறக்கை மேலே எழும்பியது.

"இன்னா தம்பி, இவ்ளோ படிக்கிறீங்க, ஒண்ணுலயும் வெயிட்டே இல்லியே" என்றார். "பக்கத்துல பாதி வெள்ளையா விட்டுர்றான். நான் போய் பைபிள் எடுத்தாரேன்."

அவர் சிரித்தது அந்த ஒரு மாலைதான் என்று நினைக்கிறேன்.

விமானியின் இருக்கைக்குப் பின்னால் வரும் தட்டையை ஒட்டிய நாளில் தெரிந்துவிட்டது. இடுக்கியில் பிடித்த துண்டு, ஒட்ட வேண்டிய இடத்துக்கு அருகில் போகப் போக நடுங்கியது. மீன் செவுள்போல விடாமல், சின்னதாக. அவர் கையைக் கீழே இறக்கி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததும் நடுக்கம் நின்றது. நான் வேறு பக்கம் பார்த்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பாத்துட்டீங்களா" என்றார்.

தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எதையாவது பிடிச்சிக்கிட்டா இல்ல தம்பி. சும்மா நீட்டினாத்தான் வருது. வண்டியில ஹேண்டிலை அமுக்கிப் பிடிச்சிக்கிட்டேதான் இருக்கணும். அதனால அங்க ஒண்ணும் தெரியாது."

"கை எடுத்துட்டா?"

"வண்டி தானா பிரேக் பிடிச்சு நின்னுடும். டிரைவர் செத்துட்டாலும் ஜனங்க பிழைக்கணும்னு அப்படி வெச்சிருக்கான். அதுக்கு நான் பயப்படல." தண்ணீரைக் குடித்தார். "கை விடாம, பிடிச்சிருக்கும்போதே ஆடுச்சுன்னா என்ன பண்றது? அதுக்கு அவன் ஒண்ணும் வெக்கல."

அடுத்த மாதம் அவருக்கு மருத்துவப் பரிசோதனை. தேறாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். வண்டி ஓட்டுவதைத் தவிர அவர் வாழ்க்கையில் வேறெதுவும் செய்ததில்லை. முன்கூட்டியே டாக்டரிடம் காட்டலாமே என்று நினைத்தேன். அவரே சொன்னார்.

"இந்தப் பிளேனை முடிச்சிட்டேன்னா கை நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். முடிச்சிட்டு தைரியமா போவேன். பாப்போம்."

அன்றிலிருந்து எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. அலுவலகத்தில் ரயில் சத்தம் கேட்டால் நேரத்தைப் பார்ப்பேன். தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்ததும் இன்றைக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று யோசிப்பேன். யாரிடமாவது சொல்ல வேண்டுமா, சொன்னால் அவர் என்ன ஆவார், சொல்லாவிட்டால் மற்றவர்கள் என்ன ஆவார்கள். பக்கத்தில் பூக்காரம்மா கூடையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். யாருக்கும் எதுவும் தெரியாது என்பதே பயமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை ஞானசௌந்தரி ஆன்ட்டி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"வத்சா, உன்ன ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லுவியா?"

தலையாட்டினேன்.

"அவர் இங்க வந்து குடிக்கிறாரா?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி" என்றேன்.

"டியூட்டிக்கு கையெழுத்துப் போடுற இடத்துல இவரப் பாக்குறவர், தசரதன்னு ஒருத்தர். இவர்கூட வேலைக்குச் சேர்ந்த டிரைவர்தான். நேத்து கல்யாணத்துல பாத்தேன். 'இன்னாக்கா, அண்ணன் கையெழுத்து கோழி கிறுக்கின மாரி கீது. மெஷின்ல ஊதச் சொன்னா சைபர்தான் காட்டுது. எந்தக் கடைச் சரக்குன்னு கேட்டுச் சொல்லு, நாங்களும் வாங்கிக்கிறோம்'னு எல்லார் முன்னாலயும் சொல்லிச் சிரிக்கிறார். வீட்லயும் பாக்குறேன். டம்ளரை ரெண்டு கையால பிடிக்கிறார். உங்க வீட்லேர்ந்து வந்தா ஒரு வாசனை."

"அது கம் வாசனை ஆன்ட்டி."

"கம்மா?"

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். வாலும் இறக்கையும் ஏறி, மூக்கு மட்டும் பாக்கியாக இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். தொடவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, ஒட்டுக்களையெல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முன்னால் ஒட்டியவை நேராகவும் பின்னால் ஒட்டியவை கோணலாகவும் இருந்தன.

"குடியா இருந்தா சரி பண்ணிடலாம்னு நினைச்சிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை. தாம்பரத்தில் கடற்கரை செல்லும் வண்டிக்காக நடைமேடையின் முன்கோடியில், முதல் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கும் தாண்டி நின்றிருந்தேன். அங்கேதான் கூட்டம் குறைவு. செங்கல்பட்டிலிருந்து வண்டி வந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை. லாசரஸ். வலது கை கீழே எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. முகம் நேராகப் பார்த்தபடி இருந்தது.

நிற்க வேண்டிய இடம் குறித்த பலகைக்கு நேராக வண்டி, ஒரு முழம் கூடாமல் குறையாமல், குலுங்காமல் நின்றது. அவ்வளவு சுத்தமாக ஒரு வண்டி நின்று நான் பார்த்ததில்லை. சனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கும்பலாக ஓடிவந்து ஏறினார்கள். நான் முதல் பெட்டியின் வாசல்வரை போனேன். கம்பியைப் பிடித்தேன். பிறகு விட்டேன். ஏதோ மறந்துவிட்டவன்போலப் பையைத் திறந்து பார்த்துக்கொண்டே பின்வாங்கி, பழைய இடத்துக்கே வந்து நின்றேன். உள்ளே புறப்படும் மணி இரண்டு முறை அடித்தது. வண்டி என்னைத் தாண்டிப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டி கண்ணில் மறைந்த பிறகும், வண்டி எல்லா நிலையங்களையும் தாண்டிப் போய்ச்சேரும் நேரம் வரைக்கும், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வண்டி போய்ச்சேர்ந்தது.

மாலையில் வந்தார். காலை பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. விசிறியை நிறுத்தினார். கையை நீட்டித் தாளை வைத்தார். தாள் வெளிப்படையாகவே ஆடியது. அன்றைக்குத் தண்ணீர் கேட்கவில்லை.

பாக்கி இருந்தது மூக்கு நுனியில் வரும் குழாய் ஒன்றுதான். காற்றின் வேகத்தை அளக்கும் குழாயாம். ஊசியைச் சுற்றிக் காகிதத்தைச் சுருட்டிச் செய்திருந்தார். இடுக்கியில் எடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனார். குழாய் மூக்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டித் தட்டி, முன்பு ஒட்டிய காகிதத்தில் கம் புள்ளிகளாக விழுந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அப்போது இரண்டும் ஆடின. இடுக்கியைக் கீழே வைத்தார். மேசை விளிம்பைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. கையை ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒட்டிடுங்க தம்பி" என்றார்.

"நாளைக்குப் பாக்கலாம் அங்கிள்."

"இல்ல. ஒட்டிடுங்க. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். கூப்பிடுறதுக்கு முன்னாடி நானே போய் சொல்லிடுறேன்."

ஒட்டினேன். குழாய் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் நின்றது. அவர் அதைச் சரிசெய்யச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பல சோதனைகள் செய்தார்கள். உயிருக்கு ஆபத்தான வியாதி எதுவும் இல்லை, நரம்பில் வரும் நடுக்கம், மாத்திரையில் கொஞ்சம் கட்டுப்படும், ஆனால் இனி வண்டி கிடையாது என்றார்கள். டியூட்டிக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் அறையிலேயே அவருக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஊதும் மெஷினை நீட்டுவது இப்போது அவர் வேலை. தசரதன் அதில் ஊதும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லையாம். மெஷினை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். நாட் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல், பைபிள் வசனக் காலண்டருக்குக் கீழே நிற்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று கேக் கொடுக்க ஞானசௌந்தரி ஆன்ட்டி வந்தார். அவர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்வதில்லை. தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நீதான் சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். அவர்ட்ட கேட்டேன். இல்லங்கிறார். அந்தத் திங்கக்கிழமை தாம்பரத்துல வண்டியை நிறுத்தும்போதே உன்னப் பாத்துட்டாராம். நீ வாசல்வரைக்கும் வந்துட்டு ஏறாமப் போனது, பின்னால பாக்குற பக்கத்துக் கண்ணாடியில தெரிஞ்சிதாம். அடுத்த ஸ்டேஷன் சானடோரியத்துல நிறுத்தும்போதே முடிவு பண்ணிட்டேன்னார்."