வீட்டை விற்ற வருஷத்துக் கணக்கு

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பவனிடம் ஜனங்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், சீக்கைக்கூடச் சொல்வார்கள். வீடு விற்றதை மட்டும் எழுந்து போகும்போது வாசற்படியில் நின்றுதான் சொல்வார்கள். பாபநாசத்தில் ஓர் உரக்கடை மாடியில் என் ஆபீஸ். ஜூலைக் கடைசியில் என் கம்ப்யூட்டர் போகும் வேகம், வரி கட்டி நொந்த உங்களுக்குச் சொன்னால் புரியும். ஒருவர் நாற்று விட்ட அன்று பொத்தானை அழுத்தினோம். நடவு முடித்து அவர் திரும்பி வந்தபோதும் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பொய்யில்லை, கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.

பாதி அங்கே, பாதி இங்கே

ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் அமல்ராஜ், தீபாவளி கழித்து வீட்டை விற்றுவிட்டு மனைவி செலினோடு பெங்களூரில் மகன் வீட்டுக்குக் குடிபோனவர். விற்ற பணத்தை மகனுடைய பிளாட் கடனுக்கே கொடுத்துவிடுவது என்று அவர் முடிவு. கடைசிக் காலத்தில் தனக்கென்று ஒரு கூரை வேண்டாமா என்று செலினுக்குக் கவலையாம்; அதையும் அவரேதான் சொன்னார். ஆனால் ஆபீஸில் அந்தம்மா வாயே திறக்கவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் மாநிலம் மாறிய வருஷம் இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனியாகக் கணக்குக் கொடுத்தாளாம். வாத்தியாரும் அப்படியே தமிழ்நாட்டுக்குப் பாதி, கர்நாடகாவுக்குப் பாதி கொடுக்கலாம் என்று வந்திருந்தார். "வாத்தியாரே, இங்க வருமான வரி எல்லாம் டெல்லிக்கு ஒரே கணக்குதான்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"காவிரித் தண்ணியில பாதியைப் பிடிச்சு வச்சுக்கிறாங்கல்ல அண்ணே, என் வரியிலயும் பாதியை அவங்களே பிடிச்சுக்கட்டுமே!"

வாசலில் காய்ந்த நெல்

கிராமத்து வயலை விற்றால் வரி இல்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். விற்றது ஓட்டு வீடு, வயலில்லையே என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வருஷா வருஷம் வாசல் பூரா நெல்லுதான் காய்ஞ்சுது. நாங்க சுவரோரமா நடந்து போனோம். அப்ப அது விவசாய நிலமா, வீடா? நீங்களே சொல்லுங்க!"

பந்தக்கால் குழி

வீட்டை மேம்படுத்திய செலவைக் கழிக்கலாம் என்றது என் தப்பு. பின்கட்டில் கட்டிய அறையைச் சொன்னார், சரி. அதற்கப்புறம் மகள் கல்யாணச் செலவை ஆரம்பித்தார், பிரியாணி உள்பட. கல்யாணத்தால் வீடு எப்படி மேம்பட்டது என்று கேட்டேன்.

"பந்தக்கால் நட்ட குழிக்கு அப்புறமா சிமெண்ட் பூசினேன்ல?"

யார் பெயரில்?

கடைசியில் லாபத்துக்கு எவ்வளவு வரி என்று திரையில் காட்டினேன். வாத்தியார் என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

"கட்டித்தான் ஆகணுமா?"

"வேணாம். வித்த தேதியிலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள, அந்த லாபத்தைப் போட்டு உங்க பேர்ல இன்னொரு வீடு வாங்குங்க. அதுவரைக்கும் பணத்தை பேங்கில அதுக்குன்னு இருக்கிற கணக்குல போட்டு வைங்க."

"மகன் கடனை அடைச்சா?"

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "சலுகை கிடையாது. வரியும் கட்டணும், வீடும் இருக்காது."

வாத்தியார் பாட்டிலை மூடி வைத்தார்.

"எந்த ஊர்ல வாங்கணும்?"

"இந்தியாவுக்குள்ள எங்க வேணும்னாலும்."

"ஓசூர்ல சின்ன வீடா கிடைக்குமாம். மகன் வீடும் கிட்ட" என்றார், தனக்கே தோன்றியதுபோல. பெங்களூர் போனதிலிருந்து செலின் சொல்லிக்கொண்டிருந்த யோசனை அது என்பதை அந்தம்மா சட்டென்று அவர் பக்கம் திரும்பிய வேகத்திலேயே கண்டுகொண்டேன். வாத்தியார் செருப்பு மாட்டப் போனதும், செலின் முதல்தடவையாக வாய் திறந்தார்.

"அண்ணே, இனிமே நான் எதைச் சொன்னாலும், கேக்காட்டி அதுக்கு ஒரு வரி இருக்குன்னு இவருகிட்ட சொல்லிடுங்க."

ஊரில் என்னை வரிக்கணக்கு எழுதுகிறவன் என்கிறார்கள். பெண்டாட்டி சொல்வதைப் புருஷனுக்குச் சட்டமாக மாற்றிச் சொல்வதுதான் என் உத்தியோகம் என்று பலகையில் எழுத இடம் போதவில்லை.