எண்ணும் தட்டில் நான் வைத்த ஓமச் சாம்பல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். சாமி காரியத்தைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம்; என் பொய் வெளியே வருமே என்ற வெட்கம்.

எங்கள் தீவில், கெலுகோர் என்ற ஊரில், ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளாக இருந்தேன். கடல் கடந்த ஒரு நாட்டின் அணு உலையில் விபத்து நடந்த நாட்கள் அவை. மொட்டை மாடியில் இரண்டு பம்புகள் காற்றை இழுக்கும். தூசி ஒரு வட்டத் தாளில் படியும். தாளைச் சின்ன எஃகுத் தட்டில் வைத்து, ஈயச் சுவர் போட்ட கருவிக்குள் தள்ளினால், கதிர் எவ்வளவென்று திரையில் எண் வரும். தட்டைத் தயார் செய்வது என் வேலை.

மாசமாயிருந்த என் மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆயுத பூசைக்குச் சுத்தியலுக்கெல்லாம் திருநீறு பூசுகிறோம், நம் உயிரைப் பார்த்துச் சொல்லும் கருவிக்கு வேண்டாமா என்று தோன்றியது. அன்று காலை கோயில் ஓமச் சாம்பலில் ஒரு சிட்டிகையைத் தட்டில் போட்டு, "முருகா, நல்ல எண்ணாக் காட்டு" என்று வேண்டி, அதன் மேலேயே தாளை வைத்தேன்.

எண் ஏறிக்கொண்டே போனது.

கருவியைப் பார்க்கும் மேடம் நம் தமிழர்தான். தட்டில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று அறிய, தினமும் தாள் வைக்காத தட்டை முதலில் எண்ணுவார். அன்று அவசரத்தில் விட்டுவிட்டார். முகம் வெளுத்துத் திரும்பினார்.

"அண்ணே, தட்டு சுத்தமா? வேற எதுவும் படலயே?"

"இல்ல மேடம். சுத்தம்லா."

வேலை போய்விடுமே என்று சொன்ன பொய் அது. ஆனால் சாமி சாம்பலால் எண் ஏறும் என்றும் என் மனம் ஏற்கவில்லை. விஷம் வந்தேவிட்டது என்று நம்பி, வெளியே ஓடி மகளைப் போனில் கூப்பிட்டேன். ஆயர் ஈத்தாம் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மழை தூறுதாம்மா? நனையாத. வீட்டுக்குப் போயி சன்னல சாத்து."

"என்னப்பா, நீங்க எப்ப விஞ்ஞானி ஆனீங்க?" என்று சிரித்தாள். "சொன்னதச் செய்" என்று போனை வைத்தேன்.

திரும்பி வந்தால், மறுபடி எண்ணியும் அதே எண். மேடம் போனை எடுத்திருந்தார். "மேலிடத்துக்குச் சொல்றேன் அண்ணே. இனி பள்ளிக்கூடமெல்லாம் மூடணும் போல."

தீவு முழுக்க என் மகளைப் போல எத்தனை பேர்! ஒருவேளை அந்தச் சாம்பல்தான் என்றால்?

"வைங்க மேடம் போன. நான் சாம்பல் போட்டேன்."

அவர் திட்டவில்லை. தாளைத் தூக்கிப் பார்த்தார். "சாம்பல்ல இயற்கையாவே கொஞ்சம் கதிர் இருக்கு அண்ணே. வாழப்பழத்துலயும் இருக்கு. யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஆனா மெஷினுக்குச் சாமின்னு தெரியுமா?"

புதுத் தட்டு, இரண்டாவது பம்பின் தாள். அது எண்ணி முடிக்கும்வரை கந்தர் பெயரைக்கூட என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. எண் வழக்கமான இடத்தில் நின்றது. "இன்னொரு தடவ, மேடம்," என்று கெஞ்சினேன். அதே எண். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதைச் சாம்பலுக்குக் கருவியே அடங்கியது என்று கோயிலில் சிலர் சொல்கிறார்கள். திருநீறு விஷம் என்று வேறு சிலர். இரண்டும் இல்லை. இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல். மேடம் கேட்டபோது நான் "இல்ல" என்று சொன்னதையும் விட்டுவிடாதீர்கள்.