கழிமுகத்துக்கு நாலு விரற்கடை

ஆறு கடலில் கலப்பதற்கு முன் அதை மறித்து நிற்கும் கடைசி அணையில் பன்னிரண்டு ஷட்டர்கள். அவற்றை ஏற்றி இறக்குவது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக இதே வேலை என்பதால் ஊரே அவளை 'ஷட்டரக்கா' என்றுதான் கூப்பிடும்.

அந்தக் கோடையில் ஒரு ஷட்டர்கூடத் திறக்கவில்லை. தண்ணீர் முழுவதும் வாய்க்கால் வழியே வயலுக்குப் போனது. ஷட்டரக்கா வாரம் ஒருமுறை நாத்தனாரின் படகில் போய், கழிமுகத்துத் தண்ணீரில் உப்பு மீட்டரை முக்கிப் பார்ப்பாள். எண் ஏறிக்கொண்டே போனது. இறால் குஞ்சு வளர ஆற்றுத் தண்ணீரும் கலந்த அரை உப்பு வேண்டும். முழு உப்பில் வலைக்கு வந்ததெல்லாம் பாசிதான்.

"இப்படியே போனா வலையை மடிச்சுப் பரண்ல போட வேண்டியதுதான் அண்ணி" என்றாள் நாத்தனார்.

ஷட்டரக்கா இன்ஜினியரிடம் மல்லுக்கட்டி, தினமும் கடல் மட்டம் இறங்கும் நேரத்தில் ஒரே ஒரு ஷட்டரை நாலு விரற்கடை உயர்த்த அனுமதி வாங்கினாள். விஷயம் காதில் விழுந்ததும், வாய்க்காலின் கடைசியில் பயிர் வைத்திருந்த அவள் அண்ணன் குதித்துக்கொண்டு வந்தார்.

"கடல்ல என்ன தண்ணிக்கா பஞ்சம்? நீ வேற கொண்டுபோய் ஊத்தணுமா?"

"உன் வயலுக்கு ஒரு சொட்டு குறைஞ்சா வந்து கத்துண்ணே. இப்ப என்கூட வா."

வாய்க்காலின் கடைமதகுக்கு இழுத்துப்போனாள். கதவின் அடியில் ரப்பர் பட்டை நைந்து, தண்ணீர் பீறிட்டுப் பக்கத்துப் பள்ளத்தில் வீணாகத் தேங்கிக் கிடந்தது. வாளியை வைத்தாள். பத்து எண்ணுவதற்குள் நிரம்பி வழிந்தது.

"இதே மாதிரி ஏழு மதகு ஒழுகுது. அடைச்சிட்டா அந்தத் தண்ணியே கழிமுகத்துக்குப் போதும்."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "இத்தனை நாளா இதுலதான் நான் காலைக் கழுவிட்டுப் போறேன்!"

மறுநாள் காலையிலேயே ஸ்பேனரோடு வந்துவிட்டார். நாலு நாளில் ஏழு மதகுக்கும் புதுப் பட்டை போட்டார்கள். ஐந்தாவது மதகில் அவர் வழுக்கி இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்துவிட, தூக்கிவிடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் தங்கை.

ஷட்டர் நாலு விரற்கடை உயர்ந்தது. வாய்க்காலில் மட்டம் இறங்கவே இல்லை. மீட்டரில் எண் வாராவாரம் சரிந்தது. இரண்டு மாதத்தில் நாத்தனாரின் வலையில் இறால் துள்ளியது. அண்ணன் வீட்டுக்கும் வாராவாரம் ஒரு கூடை போனது.

அடுத்த கோடையில் விவசாயிகள் கூட்டம். ஷட்டர் திறக்கச் சம்மதமா என்று இன்ஜினியர் கேட்டதும் முதலில் கை தூக்கியவர் அண்ணன்தான்.

"தங்கச்சிப் பாசமா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"அட போய்யா, இறால் பாசம்!" என்றார் அவர்.