கிடுகு மறைப்பு

மழையில் ஊறிப் புளித்த கோப்பித் தோலின் நாற்றம் இன்று கண்டிக் கடைத்தெருவில் மூக்கில் ஏறியதும், கட்டுகஸ்தோட்டை ஆற்றோரம் களஞ்சியம் கட்டுவதற்காகப் பின்னாளில் இடித்துப்போட்ட எங்கள் வீடும், அதன் பின்னால் தென்னங்கிடுகு மறைப்புக்குள் வாப்பா வெட்டியிருந்த கக்கூஸ் குழியும், இடது காலை வைத்து நுழைய வேண்டும், உள்ளே பேசக்கூடாது என்று உம்மா பழக்கிய ஒழுங்கும் நினைவுக்கு வந்தன.

கோப்பி வண்டி ஓட்டிய வாப்பாவுக்கு வாந்திபேதி கண்டபோது எனக்கு எட்டு வயது. பாய்க்கும் குழிக்குமாக அலைந்து அவர் கால்கள் ஓய்ந்துவிட்டன.

"ஆறு கிட்டத்தானே நானா, தூக்கிட்டுப் போறேன்" என்றார் அவர் தம்பி.

"வாணாம். கீழ ஆக்கள் குடிக்கிற தண்ணி."

வாப்பா தம்பியின் கையை விலக்கிவிட்டுத் தவழ்ந்தே குழிக்குப் போனார். கழுவத் தண்ணீர் நிரப்பிய கிண்டியோடு நான் பின்னால் போனேன். மறைப்புக்குள் நுழையுமுன் வாப்பா சொன்னார்:

"வெச்சிட்டு அங்கால திரும்பி நில்லுங்க மகள்."

நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் கொஞ்சநேரம் கேட்டது. பிறகு ஆற்றின் இரைச்சல் மட்டும். உம்மா ஓடிவந்து அவர் தலையை மடியில் ஏந்திக் கதறியபோதும், வாப்பா இன்னும் என்னைத் திரும்பச் சொல்லவில்லையே என்று நான் திரும்பாமலே நின்றேன்.