கறிக்குக் காணும்

பள்ளிமுனைக் கரையில் வந்திறங்கும் யாரிடமும் வலையில் என்ன பட்டது என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பதில்தான் வரும்: "கறிக்குக் காணும்." வீட்டுச் சட்டிக்குப் போதும், அவ்வளவுதான் என்று அர்த்தம். பாரத்தில் படகின் பின்பக்கம் தாழ்ந்து வந்தாலும் அதுதான் பதில். நண்டுக் கூடையைச் சாக்கால் மூடி, மேலே ஈர வலையைப் போட்டு, அதன்மேல் குந்தியிருந்துகொண்டே சொல்லுவோம். உண்மையைச் சொன்னால் கண்ணூறு படும். அதைவிட மோசம், நாளைக்கு நம்முடைய இடத்தில் பக்கத்துப் படகுக்காரனின் வலை கிடக்கும்.

மீன்பிடி இலாகாக் கந்தோரிலிருந்து ஓர் அக்கா ஸ்கூட்டியில் வருவார். கரையில் எவ்வளவு பிடிபடுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு போவது அவருடைய வேலை. எல்லோரும் கறிக்குக் காணும் என்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் கூட்டி, நண்டெல்லாம் இன்றைக்கு மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டன என்பேன். கரையே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். எழுதிக்கொண்டு போய்விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் அடுத்த கரைக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஐஸ் அறை வந்தது.

எனக்கு அது தெரியவந்தது மச்சான் அனுப்பிய படத்தால். மாமியின் மகன், அந்தக் கரையில் தொழில் செய்கிறான். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு எழும்பி வந்துவிட்டேன், அவன் இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்தான். படத்தில் ஐஸ் அறையின் வெள்ளைக் கதவில் சாய்ந்து, புதுமாப்பிள்ளை மாதிரி நின்றான். சுவரில் வெடிப்பு ஏதும் இருக்குமா என்று விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். இல்லை.

எங்களுக்கு ஐஸ் வருவது ஓட்டோவில். வெயிலில் வந்து சேரும்போது பாதி தண்ணீர். நண்டு வாங்க வருபவர் நண்டின் காலை ஆட்டிப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் ஒரு பக்கம் தள்ளிவைத்து அரைவிலை சொல்லுவார். அதனால் ஒருநாள் வெட்கத்தை விட்டு மச்சானின் கரைக்கே ஐஸ் வாங்கப் பெட்டியோடு போனேன். அவன் நிறைய அள்ளிப் போட்டான். கடைசியில் இன்னும் ஒரு அள்ளு போட்டு, "பாவம், வைச்சுக்கொள்ளடா" என்றான். அந்த ஒரு அள்ளு ஐஸ், வீடு வந்து சேரும்வரை நெஞ்சில் நெருப்பாகக் கிடந்தது.

அடுத்த முறை அக்கா வந்தபோது ஸ்கூட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐஸ் அறைக்காக அந்தக் கரைக்காரங்கள் கூட்டிச் சொல்லியிருப்பாங்கள் அக்கா. என்ர மச்சானை எனக்குத் தெரியாதே? சின்னச் சள்ளை மீனைப் பிடிச்சாலும் சுறா எண்டுவான்."

அவர் ஸ்கூட்டியை நிறுத்தினார்.

"அந்தக் கரை ஆக்கள் தராசில வைச்சுக் காட்டினவை, தம்பி. நீங்கள் வாயால காட்டினனீங்கள். நீங்கள் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இந்தக் கரைக்கு ஒரு சட்டி ஐஸே காணும்."

பிறகு ஆறுதலாக விளக்கினார். எங்கே எதைக் கட்டுவது என்று மேலே திட்டம் போடுகிறவர்கள் பள்ளிமுனையைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களிடம் போய்ச் சேருவது இவர் எழுதும் கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கின்படி எங்கள் கடலில் நண்டே இல்லை. நண்டில்லாத கரைக்கு யார் ஐஸ் அறை கட்டுவார்? இன்னும் ஒரு கரைக்குக் கட்டுவதாகப் பேச்சிருக்கிறதாம், அதற்கும் இதே கணக்கைத்தான் பார்ப்பார்களாம். ஆளின் பெயரோ வலை போட்ட இடமோ மேலே போகாது. கரையின் மொத்தம்தான் போகும் என்றார்.

இந்தமுறை பூசைப் பகிடி விடாமல் சுற்றிப் பார்த்தேன். பக்கத்துப் படகு அண்ணை வலை தட்டுகிற சாட்டில் காதை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மெல்லிய குரலில் அக்காவிடம், அவருடைய தராசை வாடிக் கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுவரச் சொன்னேன்.

அங்கே வைத்துச் சாக்கை எடுத்தேன். கூடையைத் தராசின் கொக்கியில் கொழுவியதும் முள் ஓடிற்று. அக்கா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல்தடவையாகச் சிரித்தார்.

"இதுதானோ உங்கட கறி?"

வெளியே வந்தால் கரை முழுக்க எழும்பி நிற்கிறது. எனக்கு மட்டும் ஏதோ மானியம் கிடைக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள். அண்ணைதான் முதலில் கூடையைத் தூக்கினார்.

"என்ரதையும் நிறுங்கோ பிள்ளை. ஆனா உவன் அங்கால போகட்டும்" என்று என்னைக் காட்டினார்.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள், சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பதுபோல. ஒருவர் உள்ளே நிற்க மற்றவர் கிட்டப் போகக்கூடாது. அண்ணைக்கு எத்தனை கிலோ என்று அறிய நானும் காதைத் தீட்டினேன். அலைச் சத்தம்தான் கேட்டது. ஆனால் அவர் வெளியே வந்த முகத்திலேயே தெரிந்துவிட்டது, என்னுடையதைவிடக் கூடுதல். வயிறு எரிந்தது. அதே நேரம், அதுவும் எங்கள் கரையின் மொத்தத்தில்தானே சேரும் என்று ஒரு சின்னச் சந்தோசமும் வந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் எப்படி இருந்ததோ தெரியாது.

ஐஸ் அறை இன்னும் வரவில்லை. வந்தால் முதல் படம் மச்சானுக்குத்தான்; கதவில் சாய்ந்துகொண்டு எப்படி நிற்பது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன்.

தராசில் வைத்த அன்று பின்னேரமே அவன் எனக்குப் போன் எடுத்தான். நாங்கள் நிறுத்துக் கொடுத்த கதை அதற்குள் அங்கே போய்விட்டது. எத்தனை கிலோவடா உனக்கு என்று கேட்டான்.

"கறிக்குக் காணும்" என்றேன்.