மார்லாவுக்கு மருந்து கேட்கவில்லை

மார்லா ஸ்வோபோடா முதன்முறை என் வேனில் ஏறியபோது பின் இருக்கைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையின் இரண்டு ஓரங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஈராக்கில் ராணுவ லாரி ஓட்டியவர்களை அந்தப் பழக்கம் விடுவதில்லை. ஓரத்தில் மான் ஒன்று செத்துக் கிடந்தால்கூட, அதன் வயிற்றுக்குள் குண்டு இருக்குமோ என்று உடம்பு விறைக்கும்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குப் பக்கத்து ஊர்களிலிருந்து முன்னாள் படைவீரர்களை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது, ஓய்வுபெற்ற பிறகு நான் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலை. நான் கடற்படைக்காரன். அது தெரிந்ததும்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஓ, நேவியா? நாங்க புழுதி தின்னப்ப நீங்கல்லாம் கப்பல்ல ஐஸ்கிரீம் தின்னுட்டு இருந்தீங்க, இல்ல?"

"ரெண்டு தினுசு ஐஸ்கிரீம்மா. உங்க ராணுவத்துல யாருக்காச்சும் எழுதப் படிக்கத் தெரிஞ்சிருந்தா நீங்களும் கேட்டு எழுதியிருக்கலாம்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு அபூர்வம் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

ஈராக்கில் அவளுக்குப் பின்னால் வந்த லாரி ஒருநாள் வெடித்து எரிந்தது. அதை ஓட்டி, அதிலேயே இறந்துபோனவள் கேண்டஸ், அவளுடைய நெருங்கிய தோழி. ஊர் திரும்பிய மார்லா அண்ணன் டுவைட்டின் பண்ணையில் தங்கினாள். தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடும் வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் ஓடியது. பிறகு காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடாகி, குளிக்காமல், பேசாமல் நாட்கணக்கில் படுத்துக் கிடக்க ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருந்தாள், ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது. மூன்றாவது, தலைக்குள் பஞ்சை அடைத்துவைத்தது போலிருந்தது. ஒவ்வொரு தடவையும் "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்ற அதே பேச்சு. வருஷங்கள் இப்படியே போயின.

டுவைட் கெட்டவன் இல்லை. ஆனால் வாய் நிற்காது. "மாத்திரையை ஒழுங்கா முழுங்குறியா, இல்ல தொட்டியில போட்டுத் தண்ணிய திறந்துவிடுறியா?" என்று என் முன்னாலேயே ஒருமுறை கேட்டான். அவள் வேன் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிங்காம் ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார். மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்வார்கள், மூளையைப் படமும் எடுப்பார்கள். எந்த மூளைக்கு மாத்திரை கேட்கும், எதற்குக் கேட்காது என்று அதை வைத்து முன்கூட்டியே கணிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கணிப்பை முடிவு வரைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். மார்லா சம்மதித்தாள்.

மின்சாரப் பதிவு சுலபமாக முடிந்தது. கம்பிகள் தொங்கும் தொப்பி ஒன்றைப் போட்டு, தலை முழுக்கப் பசையைத் தடவி அனுப்பினார்கள்.

"என்னம்மா, கன்னுக்குட்டி நக்கிவிட்ட மாதிரி வர்ற?"

"வண்டிய எடுங்க, மாலுமி."

படம் எடுக்கும் எந்திரம் அப்படி இல்லை. குழாய்க்குள் தள்ளியதும் தடதடவென்று சத்தம். இயந்திரத் துப்பாக்கியேதான் என்றாள் பிறகு. பாதியில் வெளியே எடுக்கச் சொல்லி அலறி, தாழ்வாரத்தில் வாந்தி எடுத்துவிட்டுச் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆனால் வந்தாள். எந்திரத்தை இயக்கும் லூப்பே என்ற பெண்மணி போனில் கூப்பிட்டு, ஒவ்வொரு சத்தத்தையும் முன்னாலேயே சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். சொன்னபடியே செய்தாள். "இப்ப தட்டுற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் நீளமா வரும். அப்புறம் சும்மா இருக்கும். அதுக்கப்புறம் ஒரு உறுமல், பயப்படாதீங்க."

முழுதாக முடித்துவிட்டு வெளியே வந்த மார்லா சொன்னாள்: "இப்படி முன்கூட்டியே சொல்லிட்டுச் சுட்டிருந்தா ஈராக்ல நானும் நல்லாத் தூங்கியிருப்பேன்."

பிறகு ஆய்வுக்காக நாலாவது மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் வேலை செய்யவில்லை. ஆய்வு முடிந்து கணிப்பைச் சொல்லும் நாளில் டுவைட்டுக்கு மக்காச்சோள அறுவடை. அதனால் துணைக்கு என்னை உள்ளே கூப்பிட்டாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இந்த வகை மாத்திரை உங்களுக்குக் கேட்க வாய்ப்பு குறைவுன்னு, நீங்க தொடங்குறதுக்கு முன்னாடி எடுத்த பதிவுலயே தெரியுது."

மார்லா எழுந்து நின்றாள். "முன்னாடியேவா? அப்புறம் எதுக்கு என்னை முழுங்க வச்சீங்க? அந்த வாரமெல்லாம் நான் எப்படிக் கிடந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றார் டாக்டர். "அப்ப நாங்க அதைத் திறந்து பாக்கல. பாத்திருந்தாலும் அது வெறும் ஊகம்தான். அதே கணிப்பு கேட்காதுன்னு சொன்ன இன்னொருத்தருக்கு மாத்திரை கேட்டிருக்கு. உங்களை மாதிரி நிறைய பேர் கடைசி வரைக்கும் இருந்ததாலதான் அதை எவ்வளவு நம்பலாம்னு இப்ப தெரியுது. உங்க வாரங்களை என்னால திருப்பித் தர முடியாது."

வழியில் சாப்பிட நிறுத்தினேன். அந்தப் பக்கத்து வழக்கப்படி காரமான பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் அவள் முன்னால் ஆறிப்போயின. பிறகு சொன்னாள்.

"டுவைட் சொன்னதை நானே நம்பிட்டேன். நான்தான் மனசு வச்சு முயற்சி பண்ணலன்னு. கேண்டஸுக்கு இல்லாத வாழ்க்கை எனக்கு எதுக்குன்னு, நானே உள்ளுக்குள்ள மருந்தை மறிக்கிறேன்னு நெனச்சேன்."

அவள் கையின் மேல் என் கையை வைத்தேன். அவள் விலக்கவில்லை.

பண்ணையில் இறங்கியதும் நேராக அறுவடை எந்திரத்தை நோக்கி நடந்தாள். டுவைட் அதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"அப்ப நீ தவறாம முழுங்கினே?"

"ஒரு வேளை விடல."

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "நான் ஒரு மடையன், மார்லா." தங்கையைக் கட்டிக்கொண்டான்.

மாத்திரையை நிறுத்தினார்கள். தலையில் காந்தத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சையைத் தொடங்கினார்கள். கூடவே, எரிந்த லாரியைப் பற்றி வாரந்தோறும் ஒருவரிடம் உட்கார்ந்து பேசினாள். பேசிய நாட்களில் வேனில் அழுதுகொண்டே வருவாள். குளிர்காலம் கழிந்தபோது கிடங்கு வேலைக்குத் திரும்பியிருந்தாள். முழுதாகக் குணமாகவில்லை. படுக்கையை விட்டு எழாத நாட்கள் இன்னும் உண்டு, ஆனால் குறைந்திருக்கின்றன.

போன மாதம் ராய்ஸ் என்ற முன்னாள் காலாட்படைக்காரன் வேனில் வந்தான். மாத்திரைகளைக் குப்பையில் எறிந்துவிட்டதாகவும், தன்னைத் திருத்த எந்த மருந்தாலும் முடியாது என்றும் முணுமுணுத்தான். மார்லா முன் இருக்கையிலிருந்து திரும்பினாள்.

"என்ன மாத்திரை குடுத்தாங்க உனக்கு?"

பெயரைச் சொன்னான்.

"அதுவா? எனக்கும் குடுத்தாங்க. தலைக்குள்ள பஞ்சு. டாக்டர்கிட்ட நான் உன்கூட வரட்டுமா?" என்று கேட்டாள்.

ராய்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.